ரேங்ளர் ஜேகே-க்கு நீளம் மாற்றும் கன்ட்ரோல் ஆர்ம்: எட்டு வேண்டாம், இரண்டில் தொடங்குங்கள்

ஜீப் ரேங்ளர் ஜேகே-யை இரண்டரை, மூன்று அங்குலம் உயர்த்தியவரிடம் எட்டு ஆர்ம் அடங்கிய முழு செட்டைத்தான் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டுவார். பெரும்பாலான வண்டிகளுக்கு அதில் இரண்டு போதும்: முன்பக்கத்துக் கீழ் ஆர்ம்கள். மிச்சப் பணத்தில் ஒழுங்கான டிராக் பார் வாங்கலாம், நீளமான பிரேக் ஹோஸ் வாங்கலாம். அந்த ஆர்ம் ஜோடியில் எதை வாங்குவது, எப்படி மாட்டுவது, அலைன்மென்டுக்குப் போகும்முன் எதைச் சரிபார்ப்பது என்பதுதான் இந்த மதிப்புரை.

ஜேகே என்பது 2007 முதல் 2018 வரை வந்த தலைமுறை. இந்தியாவுக்கு 2016-இல் முழு வண்டியாக இறக்குமதியாகி வந்த அன்லிமிடெட்டும் இதே குடும்பம். முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், அதாவது இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஒரே இரும்பு உடல். ஒவ்வொரு ஆக்ஸிலையும் சேஸிஸோடு பிடிப்பவை நான்கு ஆர்ம்கள், கீழே இரண்டு, மேலே இரண்டு. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் இழுத்துப் பிடிக்க ஒரு டிராக் பார். 2020-க்குப் பிந்தைய மஹிந்திரா தார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அதன் முன்பக்கம் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் அமைப்பு), கணக்கே வேறு. ஜிம்னியில் சாலிட் ஆக்ஸில் உண்டு, ஆனால் முன்னால் இருப்பது ரேடியஸ் ஆர்ம். அதில் காஸ்டரை, அதாவது ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணத்தை, திருத்த ஆஃப்செட் புஷ்ஷோ (துளை நடுவில் இல்லாத ரப்பர் உறை) வேறு ஆர்மோதான் வழி. ரேங்ளரிலேயே அடுத்த தலைமுறையான ஜேஎல்-க்கு ஆர்ம் தனி. 'இரண்டுக்கும் பொருந்தும்' என்று யாராவது சொன்னால் பாகத்தின் எண்ணைக் கேளுங்கள்.

வண்டியைத் தூக்கினால் என்ன ஆகிறது

முன் கீழ் ஆர்மின் நீளம் சுமார் 57 செ.மீ. ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். வண்டியை உயர்த்தும்போது ஆக்ஸில் நேர்கீழாக இறங்குவதில்லை. ஆர்ம் கதவு போல வில்லாகச் சுழல்வதால் ஆக்ஸில் கீழே இறங்கிக்கொண்டே பின்னாலும் வருகிறது. 3 அங்குலத்துக்கு இந்த நகர்வு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் நீளத்திலும் சாய்விலும் வேறுபடுவதால் இரண்டும் ஒரே அளவில் பின்வாங்குவதில்லை. அந்த வித்தியாசத்தில் ஆக்ஸில் தன் அச்சிலேயே முன்பக்கமாகப் புரள்கிறது, காஸ்டர் குறைகிறது. தொழிற்சாலை அளவு 4.2 டிகிரி. 3 அங்குல லிஃப்டில் ஒன்றரை முதல் இரண்டு டிகிரி போய்விடும்.

காஸ்டர் குறைந்த வண்டியை ஓட்டும்போதே கை சொல்லிவிடும். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வராது. 80 கி.மீ. வேகத்தில் லாரி ஒன்று கடந்தால் வண்டி அலையும், நேர்ச்சாலையிலும் கை சும்மா இருக்க முடியாது. இந்த அலைச்சலையும் 'டெத் வாபிள்' என்கிற கடும் உதறலையும் ஒன்றாக நினைத்து ஆர்ம் வாங்குபவர்கள் நிறைய. உதறலுக்கு முதல் சந்தேகம் டிராக் பார் போல்ட், அதன் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருப்பது, பால் ஜாயின்டின் ஆட்டம், சமநிலை இல்லாத டயர். இவற்றைப் பார்க்காமல் புது ஆர்ம் மாட்டினால் உதறல் அப்படியே இருக்கும், பணம்தான் இருக்காது.

காஸ்டரை மீட்க மலிவான வழிகளும் உண்டு. ஆக்ஸில் பக்கக் கீழ் பிராக்கெட்டில் உடைத்து எடுக்கக்கூடிய தகட்டை நீக்கிவிட்டு கேம் போல்ட் (திருகினால் ஆர்மின் முனையை நகர்த்தும் போல்ட்) போடலாம். தார்ச் சாலைக்கு அது போதும். பாறையில் ஏறி இறங்கும் வண்டியில் கேம் வழுக்கும், ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இரண்டாவது, சேஸிஸ் பக்க மவுன்டைக் கீழே இறக்கும் ஜியாமெட்ரி பிராக்கெட். ஆர்மின் சாய்வு குறைவதால் பள்ளமேடுகளில் வண்டி மிருதுவாகப் போகும். சாலைப் பயணம் மட்டும் என்றால் ஆர்மைவிட இதுவே நல்ல பேரம் என்றுகூடச் சொல்லலாம். குறை ஒன்றுதான்: சேஸிஸுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், கல்லில் மாட்டும். கல்லும் ஓடையும் உங்கள் பாதை என்றால் நீளம் மாற்றும் ஆர்ம்தான்.

குழாயைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள்

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டுவது குழாயின் தடிமனை. தொழிற்சாலை ஆர்மைவிட எந்த நல்ல ஆர்மும் கனமாகத்தான் இருக்கும். கல்லில் இடித்தால் பழையது வளையும், புதியது வளையாது. ஆனால் அந்த இடி எங்கும் போய்விடவில்லை, ஆக்ஸிலின் பிராக்கெட்டுக்கு இறங்குகிறது. அதனால் ஆர்மைத் தடிமனாக்கியவர் ஆக்ஸில் பிராக்கெட்டுக்கும் அணைத்தகடு வெல்டு செய்துகொள்வது நல்லது.

விலை வித்தியாசத்துக்கு உண்மையான காரணம் முனையில் உள்ள ஜாயின்ட்.

தொழிற்சாலை ஆர்மில் இருப்பது இரும்போடு ஒட்டிய ரப்பர் புஷ். சத்தம் இல்லை, கிரீஸ் வேண்டாம். ஆனால் ஒரு சக்கரம் மேலே, மறுசக்கரம் கீழே என்று ஆக்ஸில் திருகும்போது ரப்பர் ஓரளவுக்கு மேல் இடம் கொடுக்காது. முறுக்கு மீறினால் ரப்பர் கிழியும்.

ஜானி ஜாயின்ட் என்பது கரி (Currie) குடும்பத்து ராக்ஜாக் நிறுவனத்தின் வகை. இரும்புக் கூட்டுக்குள் உருண்டை, அதைச் சுற்றி இரு பாலியூரித்தேன் கிண்ணங்கள், பக்கத்தில் ஸ்னாப் ரிங். உருண்டை எல்லாப் பக்கமும் சுழலும். தேய்ந்தால் ஆர்மைத் தூக்கிப்போட வேண்டாம், உள்பாகங்களை மட்டும் வாங்கி மாற்றலாம். இதற்காகவே இதற்கு முழு மதிப்பெண். குறை: கிரீஸ் கன்னைக் கையில் எடுக்காதவருக்கு இது ஆகாது. காய்ந்தால் கீச்சிடும். உள்ளே நீரும் மணலும் போனால் கிண்ணம் சீக்கிரம் தேயும். உள்பாகம் மாற்ற ஸ்னாப் ரிங்கை அழுத்திப் பிடிக்கும் தனிக் கருவியோ பிரஸ்ஸோ வேண்டும். சுத்தியலால் அடித்துக் கழற்ற முயன்றால் கூட்டின் உள்பள்ளம் கெடும்.

மெட்டல்க்ளோக் நிறுவனத்தின் டியூரோஃப்ளெக்ஸ் ஜாயின்டில் உருண்டையைச் சுற்றியிருப்பது ரப்பர். தினசரி ஓட்டும் வண்டிக்கு இது பொருத்தம். சாலை அதிர்வு உள்ளே வருவது குறைவு, ஜாயின்ட் சுழலும் அளவும் தாராளம். தினமும் அலுவலகத்துக்கும் வாரக்கடைசியில் காட்டுப்பாதைக்கும் ஒரே வண்டி என்றால் இந்த ரகத்தை முதலில் பாருங்கள்.

இருமுனையும் ஹைம் ஜாயின்ட் வைத்து வரும் பெயர் தெரியாத மலிவு ஆர்ம்களைத் தொடாமலிருப்பதே நல்லது. இரும்போடு இரும்பு. போட்டி வண்டிக்கு அது சரி. சாலையில் ஓடும் வண்டியில் தூசியும் மழையும் பட்டு ஆட்டம் வந்துவிடும், ஒவ்வொரு குழியும் டக் டக் என்று கேபினுக்குள் கேட்கும்.

ஒரு முனையில் ரப்பரும் மறுமுனையில் உருண்டை ஜாயின்டும் வைத்தவையும் விற்கின்றன. மூன்று அங்குல லிஃப்டுக்கு அந்தச் சேர்க்கையே போதும். விலையும் ஒரு படி கீழே.

வாங்கும்முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, நீளத்தை எப்படி மாற்றுவது என்பது. ஒரு முனையில் மட்டும் மரை உள்ள ஆர்மில் நீளம் மாற்ற ஒரு போல்டைக் கழற்றி ஜாயின்டைச் சுற்ற வேண்டும். அங்குலத்துக்கு 12 மரை என்றால் ஒரு முழுச்சுற்று 2.1 மி.மீ., அரைச்சுற்று 1 மி.மீ. இருபுறமும் எதிரெதிர் மரை உள்ளவற்றை வண்டியிலேயே வைத்துத் திருகலாம், இன்னும் நுணுக்கமாக வைக்கலாம். வசதிதான், ஆனால் நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட் இரண்டு. லூஸாவதற்கும் இரண்டு இடம். காஸ்டரை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடும் வண்டிக்கு ஒரு முனை மரை போதும்.

மாட்டும் முன்

21, 18 மி.மீ. சாக்கெட்டும் ஸ்பேனரும். 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச். லாக் நட்டுக்கு ஏற்ற பெரிய ஸ்பேனர். ஒன்றேகால் அங்குல மரைக்கு அது கிட்டத்தட்ட 48 மி.மீ., சாதாரணப் பெட்டியில் இருக்காது, பைப் ரெஞ்ச் வைத்துக் கடித்தால் நட்டின் முனைகள் மழுங்கும். ராட்செட் பட்டை ஒன்று, கடப்பாரை, டிஜிட்டல் கோணமானி, ஆன்டி-சீஸ் பசை, வெள்ளைப் பெயின்ட் பேனா. போல்ட்களுக்கு முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்துவையுங்கள். கடற்கரை ஊர் வண்டியில் போல்ட் புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது போல்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும், மாற்று போல்ட் கையில் இருக்கட்டும்.

பழைய ஆர்மைக் கழற்றும்முன் மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆக்ஸில் முனையில் 'C' வடிவ வார்ப்பின் சீவிய முகத்தில் கோணமானி காட்டும் எண். இரண்டு, டிரைவ் ஷாஃப்ட் ஆக்ஸிலோடு சேரும் இடமான பினியனின் முகத்தில் அதே. மூன்று, இருபுறமும் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை உள்ள தூரம். தொழிற்சாலை அளவு இரண்டு கதவு வண்டியில் 2424 மி.மீ., நான்கு கதவு அன்லிமிடெட்டில் 2946 மி.மீ. 'C' முனையும் பினியனும் ஒரே ஆக்ஸில் உடலில் இருப்பதால், ஒன்று எத்தனை டிகிரி திரும்புகிறதோ மற்றதும் அத்தனையே திரும்பும். பின்னால் வரும் கணக்கு முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

புது ஆர்ம் இரண்டையும் மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, இரு முனைத் துளைகளிலும் போல்டைச் செருகிப் பாருங்கள். இரண்டு போல்டும் கையாலேயே வழுக்கிப் போனால் நீளம் சமம். டேப் வைத்து அளப்பதில் அரை மி.மீ. ஏமாற்றும், இதில் ஏமாற்ற வழியில்லை. அதே முறையில் பழைய ஆர்மோடும் ஒப்பிட்டு அதன் நீளத்தை முதலில் வையுங்கள். பிறகு 3 அங்குல லிஃப்டுக்கு 6 முதல் 8 மி.மீ. வரை கூட்டுங்கள். ஆரம்பப் புள்ளி அது.

எத்தனை மி.மீ. கூட்டினால் எத்தனை டிகிரி? ஆக்ஸிலில் மேல் ஆர்ம் போல்டுக்கும் கீழ் ஆர்ம் போல்டுக்கும் இடையே உள்ள செங்குத்து உயரத்தை மி.மீ.யில் அளந்து, 57.3-ஐ அதால் வகுங்கள். உயரம் 220 என்றால் ஒரு மி.மீ.க்குக் கால் டிகிரி. அரைச்சுற்றுக்குக் கால் டிகிரி, முழுச்சுற்றுக்கு அரை டிகிரி என்று மனதில் வைத்துக்கொண்டால் வேலை ஓடும்.

மரை எவ்வளவு வெளியே நீட்டலாம் என்பதற்கு எல்லை உண்டு. மரையின் விட்டம் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு நீளமாவது குழாய்க்குள் இருக்க வேண்டும். அதற்குமேல் இழுக்க வேண்டியிருந்தால் ஆர்ம் தவறான ரகம். ஆன்டி-சீஸ் பசையை இப்போதே பூசுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து நீளத்தை மாற்ற வேண்டிவந்தால் அருமை புரியும்.

மாட்டும்போது

சமதளமான சிமென்ட் தரை, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை, ஹேண்ட்பிரேக். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். உயர்த்திய வண்டி என்பதால் அடியில் படுத்து வேலை செய்ய இடம் இருக்கும். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஆர்ம். இரண்டு கீழ் ஆர்மையும் சேர்த்துக் கழற்றினால் ஆக்ஸில் புரண்டுவிடும், திரும்பத் துளைக்கு நேராகக் கொண்டுவர இரண்டு ஆளும் ஒரு மணி நேரமும் வேண்டும். ஒன்றைக் கழற்றி, சேஸிஸ் பக்கத்தை முதலில் மாட்டி, போல்டைக் கைமுறுக்காக விட்டுவிடுங்கள். புது ஆர்ம் நீளம் என்பதால் ஆக்ஸில் பக்கத் துளை நேராக வராது. ராட்செட் பட்டையை ஆக்ஸிலிலும் முன் பம்பர் கொக்கியிலும் மாட்டி மெல்ல முன்னிழுத்தால் வந்துவிடும். போல்டைச் சுத்தியலால் அடித்து நுழைக்காதீர்கள். மரை நசுங்கும், துளையும் பெரிதாகும்.

வளைவு உள்ள ஆர்மில் வளைவு எந்தப் பக்கம் என்பதை உறையில் வரும் தாளில் பாருங்கள். சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது டயர் உரசாமல் இருக்கத்தான் அந்த வளைவு. இடது வலது மாறி மாட்டி, டயர் உரசுகிறதென்று வீல் ஸ்பேசர் வாங்கப் போகிறவர்களும் உண்டு. கிரீஸ் நிப்பிள் கல் படாத பக்கம், ஆனால் கிரீஸ் கன் எட்டும் பக்கம் இருக்கட்டும்.

மேல் ஆர்ம்களையும் மாற்ற முடிவு செய்தவர் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜேகே முன்பக்கத்தில் மேல் ஆர்மின் ஆக்ஸில் பக்கப் புஷ் ஆர்மில் இல்லை, ஆக்ஸிலிலேயே அழுத்திப் பொருத்தியிருக்கும். பளபளக்கும் புது மேல் ஆர்மை மாட்டிவிட்டுப் பழைய கிழிந்த புஷ்ஷை அங்கேயே விட்டால் பாதி வேலைதான். அந்தப் புஷ்ஷைத் தனியாக வாங்கி, பிரஸ் கருவியால் எடுத்து மாற்ற வேண்டும். இடம் குறுகல், முழுநாள் வேலை. இரண்டு ஆர்மில் தொடங்குங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடது வலது நீளத்தை வேறு வேறாக வைத்து இருபக்கக் காஸ்டரைச் சமப்படுத்தலாம் என்று ஒரு யோசனை உலவுகிறது. சாலிட் ஆக்ஸிலில் இது நடக்காது. ஆக்ஸில் ஒரே இரும்புத் துண்டு, இரண்டு முனையும் சேர்ந்துதான் திரும்பும். ஒரு பக்கம் நீட்டினால் ஆக்ஸில் கோணலாக நிற்கும், புஷ்கள் முறுக்கேறிக் கிடக்கும். இருபக்கக் காஸ்டரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்ஸில் குழாயோ 'C' முனையோ வளைந்திருக்கிறதா என்றுதான் தேட வேண்டும். சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணமான கேம்பரும் அப்படியே. ஆர்மால் அதை மாற்ற முடியாது.

முறுக்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எல்லாம் மாட்டியபின், வண்டி தன் எடையில் நிற்கும்போது, ஒரு பக்க மேல் ஆர்மின் ஒரு போல்டைக் கழற்றுங்கள். போல்ட் கையால் திரும்ப உள்ளே போனால் நான்கு ஆர்மும் ஒத்துப்போகின்றன. கடப்பாரை கேட்டால் ஏதோ ஒன்றின் நீளம் தவறு.

எடை இறங்கிய பிறகே இறுக்குங்கள்

புது ஆர்ம் மாட்டிய வண்டிகளில் புஷ் சீக்கிரம் கிழிவதற்கு முதல் காரணம் இதுதான். வண்டியைத் தூக்கி, ஆக்ஸில் தொங்கும் நிலையில் போல்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிட்டால் அந்தக் கோணம்தான் அதற்கு ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த முறுக்கின்மேல் இன்னொரு முறுக்கு. சில ஆயிரம் கிலோமீட்டரில் விரிசல். வண்டி சற்று உயரமாகவும் விறைப்பாகவும் நிற்பதும் இதனால்தான். 'புது ஸ்பிரிங் இன்னும் செட்டாகவில்லை' என்று சமாதானம் சொல்வார்கள், நம்ப வேண்டாம்.

சக்கரம் தரையில், வண்டியின் முழு எடை இறங்கி, பம்பரைப் பிடித்து நாலு முறை குலுக்கியபின் இறுக்குங்கள். முன் கீழ் ஆர்ம் போல்ட் இரு முனையும் 170 நியூட்டன் மீட்டர். முன் மேல் ஆர்ம் 102. பின்பக்க ஆர்ம்கள் மேலும் கீழும் 170. டிராக் பார் 170. உருண்டை ஜாயின்ட் உள்ள முனைக்கு இந்த விதி அவ்வளவு கண்டிப்பில்லை, உருண்டை தானே சுழலும். ஆனால் டிராக் பாரிலும் பழைய மேல் ஆர்மிலும் ரப்பர்தான் இருக்கிறது, லிஃப்ட் போட்டபோது தொங்கவிட்டு இறுக்கியிருந்தால் அவற்றையும் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

லாக் நட் கடைசி. அதை இறுக்கும்முன் இரு முனை ஜாயின்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சாய்ந்த நிலையில் இறுக்கினால் அந்தப் பக்கம் ஜாயின்ட் சுழலும் அளவு பாதி போய்விடும். இறுக்கியதும் நட்டையும் குழாயையும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். இந்த ஆர்ம்களில் பெரும்பாலும் வரும் கோளாறு லாக் நட் தளர்வதே. பிரேக் பிடிக்கும்போது ஒரு 'டொக்', ரிவர்ஸில் இன்னொன்று. அப்படியே ஓட்டினால் மரை தேய்ந்து ஆர்மே வீண். முதல் 150 கி.மீ.யில் எல்லாப் போல்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் பாருங்கள், ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பிறகும் அந்த வெள்ளைக் கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

காஸ்டரா, பினியனா

கீழ் ஆர்மை நீட்ட நீட்டக் காஸ்டர் கூடும். ஸ்டீரிங்குக்கு அது நல்லது. ஆனால் அதே திருப்பத்தில் முன் பினியன் தலை குனிகிறது, டிரைவ் ஷாஃப்டின் கோணம் மோசமாகிறது. ஜேகே முன் ஷாஃப்டில் ரப்பர் பூட் மூடிய ரெஸெப்பா ஜாயின்ட் (உள்ளே குண்டுகள் உருளும் மூட்டு). கோணம் மீறினால் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறும். 2012-க்குப் பிந்தைய 3.6 லிட்டர் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் லிஃப்ட் கூடினால் அந்தப் பூட் சைலன்சர் குறுக்குக் குழாயிலேயே உரசும். '6 டிகிரி வைத்தால் ரயில் மாதிரி நேராகப் போகும்' என்று கேட்டு அப்படியே வைப்பவர் பிறகு ஷாஃப்டுக்குச் செலவழிக்கிறார். பழைய ஷாஃப்டோடு ஓடும் 3 அங்குல வண்டிக்கு 4 முதல் 4.5 டிகிரியில் நிறுத்துவது புத்திசாலித்தனம். 35 அங்குல டயரும் வேறு ஷாஃப்டும் உள்ளவர் 5 வரை போகலாம். நீட்டியபின் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி டயர் பம்பரில் படுகிறதா, காயில் ஸ்பிரிங் முன்பக்கமாக வளைந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

பின்பக்கத்தில் திசை தலைகீழ். அங்கே ஆர்ம்கள் சேஸிஸிலிருந்து பின்னோக்கிப் போகின்றன. மேல் ஆர்மை நீட்டினால், அல்லது கீழ் ஆர்மைக் குறைத்தால், பினியன் மேலே நிமிரும். முன்பக்கப் பழக்கத்தில் கீழ் ஆர்மை நீட்டியவர் பினியனை இன்னும் கீழே இறக்கிவிட்டு, அதிர்வு ஏன் கூடியது என்று தேடிக்கொண்டிருப்பார். டபுள் கார்டன் ஷாஃப்ட் (ஒரு முனையில் இரட்டை மூட்டு உள்ளது) போட்ட வண்டியில் பினியன் டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) நேராகப் பார்க்க வேண்டும், அதிலும் ஒன்றிரண்டு டிகிரி கீழாக. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் தானே மேலேறுவதால் அந்தக் கழிவு. பழைய ஷாஃப்டும் 3 அங்குலமும் என்றால் பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

அலைன்மென்ட் பட்டறையில்

சாதாரண அலைன்மென்ட் பட்டறையில் 'இந்த வண்டிக்குக் காஸ்டர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது' என்பார்கள். தொழிற்சாலை ஆர்மைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. நீங்கள் முன்கூட்டியே வைத்துக்கொண்டு போக வேண்டும், அவர்களிடம் கேட்க வேண்டியது அளவை மட்டும். சக்கரத்தை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தால்தான் கருவி காஸ்டரைக் கணக்கிடும். நேரம் மிச்சம் என்று பலர் அதைத் தவிர்த்து டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) மட்டும் வைத்து அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் எண் அச்சடித்த தாள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாளில் பின் ஆக்ஸிலின் த்ரஸ்ட் கோணத்தையும் (பின்சக்கரங்கள் வண்டியைத் தள்ளும் திசை) பாருங்கள். அது பூஜ்ஜியத்தை விட்டு விலகியிருந்தால் வண்டி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடும், முன்பக்கத்தில் எதைத் திருகினாலும் சரியாகாது.

டோவை வீட்டிலேயே வைக்கலாம். மொத்த டோ-இன் 0.2 டிகிரி. 35 அங்குல டயரில் அளந்தால் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட 3 மி.மீ. குறைவு, பட்டறை மொழியில் ஒரு நூல். இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடைத் திருகி அதை வைத்தபின், ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்கால் (டிராக் பார் வேறு) ஸ்டீரிங் வீலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வரிசை மாறக்கூடாது. ஸ்டீரிங் வீல் கோணலாக இருக்கிறதே என்று வீலைக் கழற்றி நேராக மாட்டுவது ஜேகே-யில் ஆகாது. வண்டி சறுக்காமல் தடுக்கும் ஈஎஸ்பியின் சென்சார், வண்டி திரும்புவதாக நினைத்துக்கொண்டு நேர்ச்சாலையில் பிரேக்கைத் தொடும், இன்ஜின் சக்தியையும் குறைக்கும். ஈஎஸ்பி விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றும்முன் டிராக் லிங்கைப் பாருங்கள்.

லிஃப்டுக்குப் பிறகு ஆக்ஸில் பக்கவாட்டிலும் நகர்ந்திருக்கும், டிராக் பார் சேஸிஸில் பிடித்திருக்கும் பக்கமாக. ஒரு பக்க டயர் கூடுதலாக வெளியே நீட்டினால் நீளம் மாற்றும் டிராக் பார்தான் அதற்கு மருந்து. முதலில் சொன்ன மிச்சப் பணம் போக வேண்டிய இடம் அது.

அமெரிக்காவில் நல்ல முன் கீழ் ஜோடி சில நூறு டாலர், எட்டும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இங்கே வரவழைத்தால் கப்பல் கூலியும் சுங்கமும் தனி. இரும்பு என்பதால் கூலி எடைக்கு ஏற்ப ஏறும். இந்தியப் பதிவு வண்டி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரத்துக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. ஆகவே கழற்றிய பழைய ஆர்ம்களைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். போல்ட்களோடு சேர்த்துக் கட்டி, எது இடது எது வலது என்று எழுதி, எண்ணெய் தடவி வையுங்கள். மறுபடி அசலுக்கு மாற்ற வேண்டிவந்தாலும், நீளக் கணக்குக் குழம்பினாலும் அளவுகோல் அதுதான்.